மைக்செட் அக்காவுக்கு ஓர் அட்டை

ஒரு குழந்தை தானாகச் செருப்பை மாட்டிக்கொண்டால், அந்தச் செய்தி பயிற்சி மையத்துக்குள்ளேயே தங்கியதாகச் சரித்திரம் இல்லை. எதிர்சாரி சைக்கிள் கடைக்காரருக்குத் தெரிந்துவிடும். மாடியில் குடியிருக்கும் தையல்கார அம்மாவுக்குத் தெரிந்துவிடும். தெருமுனையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள்கூட, யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று தெரியாமலே திரும்பிப் பார்த்துச் சிரிப்பார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் மைக்செட் அக்கா.

பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு. கையெழுத்துப் போடும்போது மட்டும்தான் அவளுக்கே அது ஞாபகம் வரும். "இந்த அக்கா இருக்கும்போது எதுக்கு வாடகைக்கு மைக்செட்டு?" என்று மையத்து வேன் டிரைவர் ஒரு விழாவில் கேட்டது அப்படியே ஒட்டிக்கொண்டது. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

அதற்கு முன்பு அவள் பள்ளி மைதானத்தில் ஓட்டப்பந்தயப் பயிற்சி கொடுத்தவள். கோட்டுக்கு வெளியே நின்று கத்தியே பிள்ளைகளை முதலிடத்துக்குத் தள்ளிவிடுவாள் என்று பேர். ஒருநாள் முழங்கால் மக்கர் பண்ணியது. டாக்டர் ஓடக்கூடாது என்றார். கத்தக்கூடாது என்று அவர் சொல்லவில்லையே! அந்தச் சமயத்தில்தான், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு அன்றாடப் பழக்கங்கள் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும் என்று இந்த மையத்தில் கேட்டார்கள். படித்தாள், பயிற்சி எடுத்தாள், வந்து சேர்ந்தாள். வீட்டிலும் குரலைக் குறைக்க வழியில்லை. கணவர் அச்சகத்தில் மிஷின் ஓட்டுபவர். கடகடவென்ற சத்தத்தில் நின்று நின்று பாதிக் காது போன மனிதர். அந்த வீட்டில் "உப்பை எடுங்க" என்று சொன்னால் பக்கத்து வீட்டுக்காரர் உப்போடு வந்து நிற்பார்.

மையம் முன்பு துணிக்கடையாக இருந்த நீளமான கூடம். ஒரு மூலையில் அடுப்பு மேடை, ஒரு மூலையில் கட்டிலும் அலமாரியும், பின்பக்கம் குளியலறை. ஒரு வீட்டை அறுத்து வரிசையாக வைத்தது மாதிரி இருக்கும். சட்டை போடுவது என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அங்கே அது ஒரு பெரிய கட்டடம். கை எது, கழுத்து எது, முன்பக்கம் எது என்று ஒவ்வொரு செங்கல்லாக அடுக்க வேண்டும். அடுக்கி முடித்து ஒரு குழந்தை தானே சட்டையோடு நிற்கும்போது வருகிற சந்தோஷத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். மைக்செட் அக்காவுக்கு அது தொண்டை வழியாகத்தான் வெளியே வரும். "ஆஹாஹா! என் தங்கம்! போட்டுட்டாடா!" என்று கூரை பறக்கக் கூவி, கைதட்டி, ஒரு சுற்றுச் சுற்றுவாள். கைதட்டு வாங்கினால்தான் பிள்ளை வளரும் என்பது அவளுடைய கட்சி.

அந்தக் கட்சிக்குச் சிட்டு வந்து வேட்டு வைத்தாள்.

சிட்டு என்பது அவள் அம்மா கூப்பிடுகிற செல்லப்பேர். எட்டு வயது. பேச்சு வரவில்லை. ஏதாவது வேண்டுமென்றால் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் போவாள். அம்மா இல்லாத இடத்தில் கேட்கவே மாட்டாள். சுற்றுகிற எதையும் அவளுக்குப் பிடிக்கும், அதிலும் சைக்கிள் சக்கரம் என்றால் உயிர். சத்தம் ஆகாது. மிக்ஸி, ஹாரன், சுவரில் துளை போடும் மிஷின், எது கேட்டாலும் காதைப் பொத்திக்கொண்டு சுருண்டுவிடுவாள். அவள் வீட்டில் கதவுக் கீல்களுக்கெல்லாம் எண்ணெய் விட்டிருந்தார்கள். அம்மா பார்சல் பிரிக்கும் இடத்தில் பார்த்த வேலையை விட்டுவிட்டு, வருஷக்கணக்காகக் குசுகுசுவென்றே பேசிப் பேசி, குரல் என்று ஒன்று இருப்பதையே மறந்திருந்தாள்.

மையத்திலும் குறை வைக்கவில்லை. நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் மாட்டினார்கள். கனமான திரை போட்டார்கள். சிட்டு உள்ளே இருக்கும்போது ஹாரன் சோதிக்கக் கூடாது என்று சைக்கிள் கடைக்காரரிடம் மைக்செட் அக்காவே நேரில் போய்ச் சண்டை பிடித்தாள். பிடித்த சண்டை மூன்று தெருவுக்குக் கேட்டது.

முதலில் தண்ணீர் கேட்கப் படஅட்டை பழக்கினார்கள். பிறகு பாத்ரூமுக்கு. அட்டையில் அந்தப் பொருளின் அல்லது இடத்தின் போட்டோ இருக்கும். இடுப்பில் ஒரு பட்டை. அதில் அட்டைகள் ஒட்டியிருக்கும். வேண்டியதைப் பிய்த்து எதிரில் இருப்பவர் கையில் கொடுத்தால், கேட்டது உடனே நடக்கும். பேச வராத பிள்ளைக்கு அது கிட்டத்தட்ட ஒரு வாய். ஸ்பீச் தெரபிஸ்ட் பெண் சிட்டுவின் பின்னால் உட்கார்ந்து கையை மெல்ல நகர்த்திவிடுவாள். எதிரில் மைக்செட் அக்கா உள்ளங்கையை விரித்துக் காத்திருப்பாள். ஒருநாள் காலை, பின்னால் யாரும் தொடாமலே, சிட்டு தானாகப் பாத்ரூம் அட்டையைப் பிய்த்தாள். தானாக நீட்டினாள். தானாக வைத்தாள்!

மைக்செட் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "கேட்டுட்டா! என் செல்லம் கேட்டுட்டா!" என்று போட்ட சத்தத்தில் மாடியில் தையல் மிஷினே நின்றுவிட்டது. சிட்டுவைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினாள். சுற்றி முடிப்பதற்குள் அவள் புடவை நனைந்துவிட்டது. அதற்கும் சிரித்தாள். "பரவாயில்ல, புடவை துவைச்சா போச்சு!"

அடுத்த நாள் சிட்டு அட்டையைத் தொடவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. அட்டையைப் பார்ப்பாள், விரலைக் கொண்டுபோவாள், பாதியில் இழுத்துக்கொள்வாள். பிறகு நின்ற இடத்திலேயே நனைந்துவிடும்.

பொத்தான் விஷயமும் அப்படித்தான். மேலிருந்து ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு வருவாள். கடைசிப் பொத்தான் வந்ததும் கையைக் கீழே போட்டுவிடுவாள். ஏன்? மையமே மண்டையைக் குடைந்துகொண்டது. துளை இறுக்கமாக இருக்கிறதோ என்று தையல்கார அம்மாவிடம் கொடுத்துப் பெரிதாக்கினார்கள். பொத்தான் வழுக்குகிறதோ என்று மரப் பொத்தான் தைத்தார்கள். குனிவது கஷ்டமோ என்று எதிரில் கண்ணாடி வைத்தார்கள். சிட்டுவின் அம்மா ஒரு பெட்டி நிறையச் சட்டை கொண்டுவந்து கொட்டினாள். எந்தச் சட்டையிலும் கடைசிப் பொத்தான் திறந்தே கிடந்தது.

நேரம் பார்த்து இன்னொரு நெருக்கடி. மையம் சின்னப் பிள்ளைகளுக்கானது. அந்த வருஷம் முடிந்தால் சிட்டு கிளம்பியாக வேண்டும். அவள் வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளியில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன வகுப்பு இருந்தது. அதில் ஓர் இடம் காலி. தலைமையாசிரியை கறாராகச் சொல்லிவிட்டார்.

"பேசணும்னு நான் கேக்கல. ஆனா பாத்ரூம் போகணும்னா அவளே எங்களுக்குத் தெரியப்படுத்தணும். உங்ககிட்ட இல்ல, எங்ககிட்ட. அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்க, பாத்துட்டுச் சேத்துக்கறேன்."

அந்த இடம் கிடைக்காவிட்டால் சிட்டு நாள் முழுக்க வீட்டுக்குள்தான். அம்மா அதைக் குசுகுசுவென்று சொன்னாள். சொல்லிவிட்டுச் சிரிக்கப் பார்த்தாள், முடியவில்லை.

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் மைக்செட் அக்கா, மையத்தில் அம்மா எடுத்து அனுப்பியிருந்த வீடியோவைப் போனில் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா எப்போதும் ஒலியை அணைத்தே எடுப்பவள். ஆகவே சத்தமே இல்லாத வீடியோ. சிட்டு பொத்தான் போடுகிறாள். ஒன்று, அடுத்தது, அதற்கடுத்தது. கடைசிப் பொத்தானுக்கு முன்னால் கை நிற்கிறது. தோள் இரண்டும் காதுவரை ஏறுகின்றன. கண் ஓரமாகத் திரும்புகிறது. எதைப் பார்க்கிறாள்? மைக்செட் அக்கா போனை மூக்குக்கு அருகில் கொண்டுபோனாள்.

சிட்டு பார்த்தது, எதிரில் உட்கார்ந்திருந்த மைக்செட் அக்காவின் வாயை.

மறுபடி ஓட்டினாள். மறுபடியும் வாயை. வெடிக்கு நெருப்பு வைத்துவிட்டு நாம் எப்படிப் பார்ப்போமோ அப்படி. மைக்செட் அக்கா சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தாள். இந்தக் குழந்தைக்குக் கை வரும், பொத்தான் தெரியும், அட்டை தெரியும். முடித்தால் என்ன நடக்கும் என்பதும் நன்றாகத் தெரியும். மிக்ஸியை எண்ணினார்கள், ஹாரனை எண்ணினார்கள், நாற்காலியின் காலைக்கூட எண்ணினார்கள். கைதட்டலைச் சத்தம் என்று ஒருவரும் எண்ணவில்லை!

"டீச்சர்!" என்று தெரபிஸ்ட் பெண்ணைக் கூப்பிட்டாள். கூப்பிட்ட பிறகு தன் குரல் தனக்கே கேட்டது. கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "டீச்சர், நான்தான் அந்தக் கடைசிப் பொத்தான். நான்தான்!"

தெரபிஸ்ட் பெண் வீடியோவைப் பார்த்தாள். நெற்றியில் அடித்துக்கொண்டாள். "துளையைப் பெருசாக்கச் சொன்னதே நான்தானேக்கா!"

அம்மாவிடம் சொன்னபோது அவள் தரையைப் பார்த்தாள். "எனக்கு லேசாத் தோணுச்சுக்கா. ஆனா அதுவும் பயிற்சியில ஒண்ணுன்னு நெனச்சேன்."

"ஏம்மா, ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொன்னேன்க்கா. உங்களுக்குக் கேக்கல."

மைக்செட் அக்கா அன்று வீட்டில் உட்கார்ந்து அழுதாள், அதுவும் சத்தமில்லாமல். சத்தம் வராததால் கணவர் பயந்தே போனார். "என்னாச்சு? உடம்பு சரியில்லையா? டாக்டரக் கூப்பிடட்டா?" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் கொஞ்சம் யோசித்தார். "நீ வாய மூடுற வரைக்கும் அந்தப் புள்ள காத்துட்டு இருக்கணுமா? மூடுன்னு அதுவே சொல்லட்டுமே. அதுக்கும் ஒரு அட்டை குடு."

மறுநாள் மையத்தில் இதைச் சொன்னாள். தெரபிஸ்ட் பெண் குதிக்காத குறை. "அக்கா! இத்தன நாளா தண்ணி, பாத்ரூம், சாப்பாடுன்னு கேக்கத்தான் சொல்லிக்குடுத்தோம். வேணாம்னு சொல்ல ஒண்ணுமே குடுக்கல!" உடனே போட்டோ எடுத்தார்கள். மைக்செட் அக்கா உதட்டில் விரலை வைத்து, கண்ணை அகல விழித்து, வாயை இறுக மூடிக்கொண்டு நிற்கும் போட்டோ. வேன் டிரைவர் அதைப் பார்த்துவிட்டு, "அக்கா வாய மூடின ஒரே போட்டோ உலகத்துல இதுதான். எனக்கும் ஒண்ணு குடுங்க" என்றார். கணவர் அச்சகத்தில் அதைக் கெட்டி அட்டையில் அடித்து, லேமினேட் செய்து கொண்டுவந்தார்.

அப்புறம் நடந்ததைக் கேட்க வேண்டுமே! மைக்செட் அக்கா வேண்டுமென்றே குரலைக் கொஞ்சம் ஏற்றுவாள். தெரபிஸ்ட் பெண் பின்னாலிருந்து சிட்டுவின் கையை அட்டைக்குக் கொண்டுபோவாள். அட்டை உள்ளங்கையில் விழுந்த அடுத்த நொடி, மைக்செட் அக்கா சுவிட்சை அணைத்த மாதிரி அப்படியே நிறுத்துவாள். சிட்டு அவளை அண்ணாந்து பார்ப்பாள். பிறகு அவளே கொடுக்க ஆரம்பித்தாள். இரண்டு நாளில் சிட்டுவுக்கு அதில் அப்படி ஒரு ருசி வந்துவிட்டது. தும்மினால் அட்டை. டிரைவரோடு பேசினால் அட்டை. வீட்டில் மிக்ஸியின் மூடி மேல் அட்டையை வைத்துவிட்டு நின்றாளாம். எதிர்க்கடைக்காரரிடமும் அம்மாவை இழுத்துக்கொண்டு போய் ஹாரன் மேல் வைத்தாள். அவர், "அக்கா போட்ட சண்டைய விட இது மேலு" என்றார்.

மைக்செட் அக்கா பட்ட பாட்டைச் சொல்ல வேண்டாம். சந்தோஷத்தை அடக்குவது அவ்வளவு கஷ்டம் என்று அவளுக்கு அதுவரை தெரியாது. முன்பு பள்ளி மைதானத்தில் விசில் ஊதிய பெண், இப்போது கால் கட்டைவிரலை மட்டும் ஆட்டிப் பாராட்டப் பழகினாள். கன்னம் இரண்டும் உப்பி, முகம் சிவந்து, கண் பிதுங்கும். ஒருநாள் சிட்டு பொத்தான் போட்டுக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முன்னால் நிறுத்தினாள். வாயைப் பார்த்தாள். வாய் மூடியிருந்தது. கடைசிப் பொத்தானைப் போட்டாள்.

மைக்செட் அக்கா ஓசைப்படாமல் எழுந்து, அலமாரியைத் திறந்து, அதற்குள் தலையை விட்டுத் தலையணையைக் கடித்தாள்.

பாத்ரூம் அட்டைதான் பாக்கி. அதையும் மையத்தில் கொடுக்க ஆரம்பித்தாள். ஆனால் மைக்செட் அக்காவுக்கும் அம்மாவுக்கும் மட்டும்தான். முன்பின் தெரியாத ஒருவருக்குக் கொடுப்பாளா என்று பழக்கிப் பார்ப்பதற்குள் வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

தலைமையாசிரியையின் அறையில் ஒரு பெரிய மேசை, இரும்பு பீரோ, ஜன்னலோரம் ஓர் உலக உருண்டை. உருண்டையைக் கண்டதும் சிட்டுவுக்கு வேறெதுவும் கண்ணில் படவில்லை. ஓடிப்போய்ச் சுற்றினாள். நாடுகளெல்லாம் ஒரே பச்சையும் நீலமுமாகக் கலந்து ஓடின. தலைமையாசிரியை சிரித்துவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்துவிட்டு, எதையோ எழுதத் தொடங்கினார். மைக்செட் அக்காவும் அம்மாவும் சுவரோரம் உட்கார்ந்தார்கள். ஒன்றும் சொல்லிக்கொடுக்கக் கூடாது என்பது பேச்சு.

சிட்டு தண்ணீரைக் குடித்தாள். மறுபடி உருண்டைக்குப் போனாள். நேரம் போய்க்கொண்டே இருந்தது. அம்மா தன் துப்பட்டா நுனியைக் கயிறு மாதிரி முறுக்கினாள். சுற்றுகிற சுகத்தில் மறந்துவிட்டாள் என்றால்? அந்தப் பளபளப்பான தரையில் நின்றபடியே நனைந்துவிட்டால்? மைக்செட் அக்கா மூச்சைக் கூட அளந்துதான் விட்டாள்.

சிட்டு உள்ளங்கையை வைத்து உருண்டையை நிறுத்தினாள். கால் மாற்றி நின்றாள். இடுப்புப் பட்டையைத் தடவினாள். ஓர் அட்டையைப் பிய்த்தாள்!

பிய்த்துக்கொண்டு நேராக மைக்செட் அக்காவிடம் வந்தாள்.

போச்சு, என்றது மைக்செட் அக்காவின் மனசு. என்னிடம் இல்லை கண்ணே, அங்கே, அந்த மேடத்திடம்! சொல்ல முடியாது, கண்ணைக்கூடக் காட்டக் கூடாது. அம்மா பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளங்கையில் அட்டை வந்து விழுந்தது. மைக்செட் அக்கா குனிந்து பார்த்தாள்.

அட்டையிலிருந்து அவள் முகமே அவளைப் பார்த்தது. உதட்டில் விரல், இறுக மூடிய வாய்.

அவள் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை. தும்மக்கூட இல்லை. சிட்டு இனிமேல் நடக்கப்போவதற்காக முன்கூட்டியே கொடுத்திருந்தாள். இந்த அக்காவுக்கு இப்போது சந்தோஷம் வரும், சந்தோஷம் வந்தால் கத்துவாள் என்று அந்தக் குட்டி மண்டை கணக்குப் போட்டிருந்தது.

அவளுக்கு ஏற்பாடு செய்து முடித்த நிம்மதியோடு சிட்டு திரும்பினாள். பட்டையிலிருந்து அடுத்த அட்டையைப் பிய்த்தாள். மேசையைச் சுற்றிக்கொண்டு போனாள். தலைமையாசிரியை கையை நீட்டவில்லை, நிமிரக்கூட இல்லை. சிட்டு அவர் எழுதிக்கொண்டிருந்த காகிதத்தின் மேலேயே, பேனா நுனிக்கு முன்னால், பாத்ரூம் அட்டையை வைத்தாள். பேனா நின்றது.

"ஓ! போகலாமே, வாம்மா" என்று அவர் எழுந்தார்.

பின்னாலேயே எழப் பார்த்த அம்மாவை மைக்செட் அக்கா தோளைப் பிடித்து அமுக்கினாள். இருவரும் சுவர் வழியாகக் கேட்டார்கள். கதவு. தண்ணீர். குழாய் திறக்கிற ஓசை. சிட்டுவுக்குக் குழாய் என்றாலும் பைத்தியம், திறந்தால் மூடமாட்டாள். ஓடியது, ஓடியது, ஓடிக்கொண்டே இருந்தது. நின்றது. ஈரக் கையோடு சிட்டு வந்தாள். கால்சட்டைப் பொத்தான் போட்டிருந்தது. நேராக உலக உருண்டைக்குப் போய்விட்டாள்.

"திங்கட்கிழமைலேருந்து அனுப்புங்க" என்றார் தலைமையாசிரியை. பிறகு, "அது சரி, முதல்ல உங்ககிட்ட ஒண்ணு குடுத்தாளே, அது என்ன?" என்று கேட்டார்.

மைக்செட் அக்கா வாயைத் திறக்கவில்லை. கையில் அட்டை இருக்கிறதே! கண்ணீர் மட்டும் கன்னத்தில் வழிந்தது. அம்மாதான் குசுகுசுவென்று பதில் சொன்னாள். "அது இவங்களுக்குங்க மேடம்."

வெளியே வந்ததும், வாங்கிய அட்டையைத் திருப்பி ஒட்டிவிட வேண்டும் என்ற விதிப்படி மைக்செட் அக்கா அதைச் சிட்டுவின் பட்டையில் ஒட்டினாள். சுவரோரம் சாய்த்திருந்த ஒரு சைக்கிளின் சக்கரத்தை டிரைவர் தூக்கிப் பிடிக்க, சிட்டு சுற்றத் தொடங்கினாள். மைக்செட் அக்கா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வேனுக்குள் ஏறினாள். கதவைச் சாத்தினாள். ஒவ்வொரு கண்ணாடியாக ஏற்றினாள்.

"ஏம்மா, இப்ப கத்தலாம்."

கத்தினாள். நாள்கணக்காக அடைத்து வைத்திருந்த சத்தம் அத்தனையும் வந்தது. "கேட்டுட்டாடீ! முன்னப்பின்ன தெரியாதவங்ககிட்டயே கேட்டுட்டா!" அம்மா வாயைத் திறந்தாள். முதலில் கீச்சென்று ஏதோ வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டாள். அப்புறம் வந்தது பாருங்கள் ஒரு கூச்சல்! "என் பொண்ணூ! என் பொண்ணூ கேட்டுட்டா!" மைக்செட் அக்காவே வாயடைத்துப்போய்ப் பார்த்தாள். தன்னைவிடப் பெரிய மைக்செட்டை அவள் வாழ்க்கையில் முதன்முறையாகப் பார்க்கிறாள்.

கண்ணாடியில் டக்கென்று ஓர் ஓசை. திரும்பினார்கள்.

சிட்டு நின்றுகொண்டிருந்தாள். ஒரு கையால் ஒரு காதைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அட்டையைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்திருந்தாள். மைக்செட் அக்கா சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். ஆனால் சிட்டு அவளைப் பார்க்கவில்லை. அவளைத் தாண்டி, உள்பக்கம் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள்.

அம்மா இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். விரல் இடுக்கு வழியாகச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

"எனக்குக் குடுக்கறா அக்கா" என்றாள், குசுகுசுவென்று. "எனக்கு!"

சத்தம் நின்றுவிட்டதா என்று சிட்டு கொஞ்ச நேரம் கேட்டுப் பார்த்தாள். நின்றுவிட்டது. அட்டையை எடுத்துப் பட்டையில் ஒட்டிக்கொண்டு, சக்கரத்தைச் சுற்றப் போனாள்.